ஒன்றோடு நான்கு, இரண்டோடு மூன்று

போடிநாயக்கனூரில் மலைக்கு ஓடுகிற ஜீப்புகளுக்குப் புகைக்குழாய் கெட்டுப்போனால் அன்னக்கொடியின் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அன்னக்கொடிக்கு முப்பத்து நான்கு வயது. ஐ.டி.ஐ. முடித்து, கோயம்புத்தூரில் பந்தயக் கார் செய்கிற கொட்டகை ஒன்றில் ஒன்பது வருடம் சைலன்சர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அதிகம் பேச மாட்டார். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் பேசப் போகிறார் என்று அர்த்தம். இறக்கினால் பேச்சு முடிந்தது.

அவரிடம் சீடனாகப் போய்ச் சேர்ந்தவன் மொக்கராசு. அவனுக்கு வயது ஐம்பத்தொன்று. இதில் யாரும் சங்கடப்பட வேண்டாம். கற்றுக்கொடுப்பவர் எவரோ அவருக்குத்தான் இந்தக் கதையில் மரியாதை.

மொக்கராசு இருபத்தாறு வருடமாக ஜீப் ஓட்டுகிறவன். காலையில் தன் தெருவில் பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு மலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, அந்தப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிடுவது அவன் பிழைப்பு. தோட்டத்தில் எட்டு மணிக்குப் பேர் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது ஆள் நிற்கவில்லையென்றால் அன்றைக்கு வேலை கிடையாது. வந்த ஜீப்பிலேயே திரும்ப வேண்டியதுதான்.

முன்பெல்லாம் அவனும் அவன் தம்பி தவசியும் ஒரே ஜீப்பை வாரத்துக்கு ஒருவராக மாற்றி மாற்றி ஓட்டினார்கள். போன வருடம் ஒரு சின்னப் பேச்சு பெரிய பேச்சாகிவிட்டது. என்ன பேச்சு என்று கேட்டால் இருவருக்குமே இப்போது சரியாகச் சொல்லத் தெரியாது. தவசி புது டீசல் ஜீப் வாங்கித் தனியாகப் போய்விட்டான்.

தனியாக என்றால் ரொம்ப தூரமில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இரண்டு ஜீப்பும் அடுத்தடுத்து நிற்கும். ஒரே தெருவில் ஆள் ஏற்றும். ஆறு மணிக்கு ஒருவன் சாவியைத் திருகினால் மற்றவனும் திருகுவான். பிறகு மலை உச்சிவரை போட்டிதான்.

போட்டியில் மொக்கராசு ஜெயித்ததே இல்லை. அவனுடைய பழைய பெட்ரோல் ஜீப் ஆறாவது வளைவிலேயே மூச்சு வாங்க ஆரம்பிக்கும். தவசி ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போவான். அந்த ஹாரன் மொக்கராசுக்குச் சோற்றில் கை வைக்கும்போதும் கேட்டது.

பெண்கள் ஒவ்வொருவராகத் தம்பியின் வண்டிக்கு மாறினார்கள். எட்டுப் பேர் மிச்சம். அவர்களில் ஏழு பேர், எட்டாவது ஆளாக முன்சீட்டில் உட்கார்ந்து வருகிற பேச்சியம்மாளுக்காகத்தான் இருந்தார்கள். பேச்சியம்மாளும் ஒருநாள் வாயைத் திறந்துவிட்டாள்.

"அண்ணே, ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா அங்க பேரு கூப்பிடுறப்ப நாங்க பதினாலாவது வளைவுல இருக்கோம். இந்த வாரத்துல ரெண்டு நாள் திரும்பி வந்துட்டோம். என் வீட்ல அடுப்பு எரியணும்ல?"

அவள் போய்விட்டால் மற்ற ஏழு பேரும் போய்விடுவார்கள். அவர்கள் போனால் ஜீப்பை விற்றுவிட்டுத் தம்பியின் ஹாரனைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இந்த நேரத்தில் யாரோ ஒரு லாரிக்காரர் டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனார்: "ஒத்தக் குழாயை எடுத்துட்டு ரெட்டைக் குழாய் போடுங்க. வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்."

மொக்கராசு அன்று மத்தியானமே கிரில் கேட் செய்கிற கடைக்கு ஜீப்பை ஓட்டிப் போனான். ஜன்னலுக்குக் கம்பி வைப்பவரை வைத்து, இருப்பதிலேயே தடித்த குழாயாகப் பார்த்து இரண்டு போடச் செய்தான். என்ஜினில் நான்கு சிலிண்டர்கள் வரிசையாக நிற்கின்றன. முதல் இரண்டின் புகையை இடதுபக்கக் குழாயில் விட்டான். அடுத்த இரண்டின் புகையை வலதுபக்கக் குழாயில் விட்டான். பின்னால் இரண்டு வாய், பளபளவென்று.

மறுநாள் ஜீப் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்து உட்கார்ந்தது. தவசிகூட ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்தான். ஆனால் ஆறாவது வளைவில் மூச்சு வாங்குகிற ஜீப், அன்றைக்கு நான்காவது வளைவிலேயே மூச்சு வாங்கியது. சத்தம் மட்டும் மலை முழுக்கக் கேட்டது.

பேச்சியம்மாள் இறங்கும்போது காதைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "மூணு நாளைக்கு ஒங்க தம்பி வண்டியில போறோம்ண்ணே. அதுக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. பெறகு என்னையக் குத்தம் சொல்லாதீங்க."

அவன் தோட்டத்திலிருந்து நேராக அன்னக்கொடியின் பட்டறைக்குத்தான் வந்தான்.

"தாயி, இதுல இன்னும் பெரிய குழாயாப் போடணும்."

அன்னக்கொடி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"யாரு போட்டது?"

"நான்தான். கிரில் கேட்காரரை வச்சு."

"கிரில் கேட் நல்லாப் பண்ணியிருக்காரு."



அன்னக்கொடி வண்டியைக் கிளப்பினார். திருகாணியைத் திருகித் திருகி, என்ஜின் அணைந்துவிடுமோ என்கிற அளவுக்கு ஓட்டத்தைக் குறைத்தார்.

"பின்னாடி போயி உக்காருங்க. குழாய் வாய்க்கு ஒரு சாண் தள்ளி ரெண்டு கையையும் காட்டுங்க."

அவன் குத்தவைத்து உட்கார்ந்து கைகளைக் காட்டினான்.

"என்னா தெரியுது?"

"சூடு."

"பெறகு?"

"புகை."

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க."

அவன் கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான். "இந்தக் கையில ரெண்டு அடி. பெறகு அந்தக் கையில ரெண்டு அடி. சேந்து சேந்து வருது. முதல்ல வர்றது ஓங்கி அடிக்குது. அதை இடிச்சுக்கிட்டு வர்றது சவசவன்னு இருக்கு."

"முதல்ல வர்றது எதுன்னு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது தாயி."

"அது தெரியக் கூடாதுண்ணே."

சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

மொக்கராசுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இருபத்தாறு வருடம் ஓட்டிய வண்டியை இப்படிக் கையால் கேட்கலாம் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. வெட்கமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

"எனக்கு இந்த வேலையைக் கத்துக்குடுங்க. என் வண்டிக்கு நானே பண்றேன்."

"வெட்டுறது நீங்க. பத்தவைக்கிறது நான். சரியா?"

"சரி மேஸ்திரி" என்றான். தாயி என்று கூப்பிடுவது அதோடு போயிற்று.

முதல் நாள் பழைய குழாயைக் கழற்றினார்கள். அன்னக்கொடி சாக்பீஸால் என்ஜினின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினார்.

"முதல்ல ஒண்ணுல பெட்ரோல் வெடிக்கும். அடுத்து எது?"

"ரெண்டு."

"இல்ல. மூணு. அதுக்கப்புறம் நாலு. அதுக்கப்புறம்தான் ரெண்டு. பெறகு மறுபடி ஒண்ணு."

"ஏன் அப்படித் தாவுது?"

"வரிசையா வெடிச்சா, அடியில சுத்துற தண்டு ஒரே பக்கம் நோகும். இப்பச் சொல்லுங்க. எதையும் எதையும் ஒரே குழாய்ல விட்டீங்க?"

"ஒண்ணும் ரெண்டும். மூணும் நாலும். பக்கத்துப் பக்கத்துல இருக்கு. பக்கத்துல இருக்கிறதைத்தான மேஸ்திரி சேக்கணும்?"

"ஒண்ணையும் நாலையும் சேக்கணும். ரெண்டையும் மூணையும் சேக்கணும்."

"ஒண்ணு அந்தக் கோடியில இருக்கு. நாலு இந்தக் கோடியில இருக்கு. அதுக ரெண்டுக்கும் என்னா சம்பந்தம்?"

அன்னக்கொடி உள்ளே போய் எண்ணெய் ஊற்றுகிற புனலையும் ஒரு காலி கேனையும் எடுத்து வந்தார். இரண்டு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து ஒன்றை அவன் கையில் கொடுத்தார்.

"ஊத்துங்க."

அவன் ஊற்றினான். அவரும் அதே நேரத்தில் ஊற்றினார். புனல் பொங்கி, பாதித் தண்ணீர் மொக்கராசின் செருப்பில் கொட்டியது.

மறுபடி சொம்பை நிரப்பினார்கள்.

"இப்ப நீங்க மட்டும்."

அவன் ஒரு வாய் ஊற்றி நிறுத்தினான். தண்ணீர் சுழித்து இறங்கி, வால் மட்டும் புனலின் கழுத்தில் நிற்கிற நேரம் பார்த்து அவர் ஒரு வாய் ஊற்றினார். அது தேங்காமல் மடக்கென்று உள்ளே போனது. அவன் ஊற்றினான், அவர் ஊற்றினார். கேன் நிறைந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

மொக்கராசு புனலையே பார்த்துக்கொண்டிருந்தான். "முன்னாடி போறது பின்னாடி வர்றதைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போகுது மேஸ்திரி."

"இழுக்கணும்னா அது கொஞ்சம் முன்னாடி போயிருக்கணும்ல? ஒண்ணுக்கும் நாலுக்கும் நடுவுல மூணு வெடிக்குது."

கண்ணாடி இறங்கிவிட்டது.

இரண்டாம் நாள் குழாய் வெட்டினான். இரண்டரை இன்ச் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தவனை அன்னக்கொடி திருப்பி அனுப்பினார்.

"ஒண்ணரை போதும்."

"பெருசா இருந்தா புகை தாராளமாப் போகும்ல?"

"போகும். உலாத்திக்கிட்டுப் போகும்."

ஒன்றாம் சிலிண்டரிலிருந்து வருகிற குழாயும், நான்காம் சிலிண்டரிலிருந்து வருகிற குழாயும் சேருகிற இடம்வரை ஒரே நீளம் இருக்க வேண்டும். மொக்கராசு கண்ணளவில் வெட்டினான். அன்னக்கொடி சணல் கயிற்றை வைத்து இரண்டையும் அளந்தார். நான்கு விரற்கடை குறைந்தது. திட்டவில்லை. அந்தக் குழாயை எடுத்துச் சுவரோரம் சாத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மொக்கராசு மறுபடி வெட்டினான். அதுவும் சுவரோரம் போயிற்று. மூன்றாவதை வெட்டுமுன் தானே கயிற்றைத் தேடி எடுத்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் பற்றவைத்து முடித்தார்கள். அன்னக்கொடி நல்ல கனமான சைலன்சர் இரண்டை மாட்டினார். மொக்கராசு வண்டியைக் கிளப்பினான். அவன் முகம் சுருங்கியது.

"சத்தமே போயிருச்சே மேஸ்திரி."

"சத்தமா மலை ஏறப் போகுது?"

அவன் கையைக் காட்டிப் பார்க்க வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. நாளைக் காலை தம்பியைத் தாண்டப் போகிறோம் என்கிற நினைப்பிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்னக்கொடி வாசல்வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு இரண்டு சாவிகளும் ஒன்றாகத் திரும்பின. பேச்சியம்மாளும் ஏழு பேரும் சொன்னபடி மொக்கராசின் வண்டியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறாவது வளைவு வந்தது. ஜீப் மூச்சு வாங்கவில்லை. "அண்ணே, வண்டி இழுக்குதே" என்றாள் பேச்சியம்மாள். அவள் சிரித்ததை அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். முன்னால் போன தவசி தன் வண்டிக் கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தான். பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினான். இவனும் கூட்டினான்.

எட்டாவது வளைவில் தம்பியின் வாலைப் பிடித்தான். பத்தாவதில் பக்கத்தில் வந்துவிட்டான். பதினோராவது வளைவுக்குள் இரண்டு ஜீப்பும் பக்கம் பக்கமாகவே நுழைந்தன. எதிரே, மேலிருந்து காய்கறி லாரி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று வண்டிகளும் நின்றன. லாரிக்குப் பின்னால் நான்கைந்து வண்டிகள். லாரியால் பின்னால் போக முடியாது. இரண்டு ஜீப்பில் ஒன்று பத்தடி பின்னால் எடுத்தால் போதும், வழி திறந்துவிடும்.

மொக்கராசு எடுக்கவில்லை. தவசியும் எடுக்கவில்லை. இருவரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். லாரிக்காரர் இறங்கி வந்து இருவரையும் பேசாத பேச்சுப் பேசினார். கடைசியில் கீழிருந்து வந்த பஸ் டிரைவர் இறங்கி வந்து சத்தம் போட்ட பிறகுதான் இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் எடுத்தார்கள். அதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது.

தோட்டத்தில் பேர் கூப்பிட்டு முடிந்திருந்தது. இரண்டு வண்டிப் பெண்களும் அப்படியே திரும்பினார்கள்.

மொக்கராசு பட்டறைக்கு வந்தபோது அன்னக்கொடி ஒரு வேனுக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தார். அவன் நின்றான். அவர் கண்ணாடியை ஏற்றும்வரை நின்றான்.

"வண்டி எப்படி?"

"வண்டி நல்லா இழுக்குது மேஸ்திரி. இன்னும் கொஞ்சம் இழுவை வேணும்."

"எதுக்கு?"

"அவனும் நானும் இப்பச் சரிக்குச் சரியா ஏறுறோம். அவனைத் தாண்டணும்னா இன்னும் வேணும்." நடந்ததைச் சொன்னான். பதினோராவது வளைவு, லாரி, பஸ் டிரைவர், எல்லாம்.

"பொம்பளைங்க?"

மொக்கராசு தரையைப் பார்த்தான். "ரெண்டு வண்டிப் பொம்பளைங்களும் திரும்பிட்டாங்க. பேச்சி எறங்கிப் போறப்ப ஒண்ணுமே சொல்லல. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல மேஸ்திரி. ஒண்ணுமே சொல்லல."

அன்னக்கொடி கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்க தம்பி எத்தனை மணிக்குக் கெளம்புறாரு?"

"ஆறு."

"நீங்க?"

"ஆறு."

அன்னக்கொடி உள்ளே போய்ப் புனலை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார்.

மொக்கராசு அதை வாங்கிக்கொண்டான். உள்ளே பார்த்தான். திருப்பிப் பார்த்தான். அப்படியே மேசையோரம் சாய்ந்து நின்றுவிட்டான். வேன்காரர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போகிற அளவுக்கு நேரமாயிற்று.

"குழாய்ன்னா ரெண்டாப் போட்டுரலாம்" என்றான் மெதுவாக.

"ஆமா."

"மலைக்கு ஒரே ரோடுதான்."

"ஆமா."

"அஞ்சே முக்காலுக்கு ஒருத்தரு, ஆறேகாலுக்கு ஒருத்தரு கெளம்புனா ரெண்டு பேருமே எட்டு மணிக்குள்ள போயிரலாம். முன்ன கெளம்புறவன் லாரிக்காரங்களை ஒதுங்க வச்சிருவான். பின்ன வர்றவனுக்கு ரோடு சும்மாக் கெடக்கும்."

அன்னக்கொடி தலையசைத்தார். கண்ணாடியை இறக்கக் கை போனது. மொக்கராசு அவசரமாகச் சொன்னான்.

"ஆனா மேஸ்திரி, நான் மூத்தவன். அவனைத் தூக்கி வளத்தவன். நான்தான முதல்ல போகணும்?"

"தம்பி என்னா சொல்லுவாரு?"

"அவன் கேக்க மாட்டான். என் வண்டி புது வண்டி, நான் எதுக்குப் பின்னாடி வரணும்னுவான். இத்தனைக்கும் நாங்க பேசியே ஒரு வருசமாச்சு." கையிலிருந்த புனலை உருட்டினான். "நீங்க சொல்லுங்க. முதல்ல யாரு கெளம்பணும்? நீங்க எது சொன்னாலும் நான் போயி அவங்கிட்டச் சொல்றேன்."

அன்னக்கொடி நடந்துபோய் மொக்கராசின் ஜீப்பைக் கிளப்பினார். திருகாணியைத் திருகித் திருகி ஓட்டத்தைக் குறைத்தார். அணைந்துவிடும் போலாயிற்று, அணையவில்லை.

"பின்னாடி உக்காருங்க. கையைக் காட்டுங்க."

அவன் புனலைக் கீழே வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் காட்டினான். சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டான்.

இடது கையில் ஒன்று. வலது கையில் ஒன்று. இடது கையில் ஒன்று. வலது கையில் ஒன்று.

"இதுல எந்தக் கை முதல்ல?" என்று கேட்டார் அன்னக்கொடி. "இடது நீங்க, வலது ஒங்க தம்பி. பாத்துச் சொல்லுங்க. அந்தக் கைக்காரர் முதல்ல போகட்டும்."

கண்ணாடியை இறக்கிக்கொண்டு வேன் பக்கம் போனார்.

மொக்கராசு கைகளை எடுக்காமல், எந்த அடி முதல் அடி என்று வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தான்.